கிரிப்டோ வாலட்டின் சாவியை எப்படி எடுப்பது, எங்கே எழுதி வைப்பது?

சித்தப்பா மகன் போன மாதம் ஒரு நோட்டோடு வீட்டுக்கு வந்தான். புதுப் போன் வாங்கப் போகிறான். அதற்கு முன்னால் தன் கிரிப்டோ வாலட்டின் பேக்கப் சரியாக இருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னான். நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரிசை எண் போட்டுப் பன்னிரண்டு சொற்கள் எழுதியிருந்தான். வாலட்டை இன்னொரு போனில் மீட்க அந்தச் சொற்கள்தான் வேண்டும். கையெழுத்து தெளிவாக இருந்தது. ஆனால் எல்லாமே தமிழ் எழுத்தில். ஆங்கிலச் சொற்களை உச்சரிப்பு பார்த்து அப்படியே தமிழில் எழுதியிருக்கிறான். யார் கையிலாவது நோட்டு கிடைத்தாலும் என்னவென்று தெரியாது என்பது அவன் கணக்கு. ஐந்தாவது சொல் 'டிரை'.

அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் எனக்குப் பக்கென்றது. காய்ந்தது என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு 'டிரை' உண்டு. முயற்சி செய் என்ற பொருளில் இன்னொரு 'டிரை' உண்டு. வாலட் பயன்படுத்தும் சொல் பட்டியலில் இரண்டுமே இருக்கின்றன. இதில் எது அவனுடையது?

இந்தக் கட்டுரையை அவனைப் போன்றவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கிரிப்டோ வாங்கலாமா கூடாதா என்ற பேச்சு இதில் வராது. ஏற்கெனவே கொஞ்சம் வாங்கி வைத்திருப்பவர்கள் அதைத் தொலைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான் என் அக்கறை.

வாலட்டுக்குள் என்ன இருக்கிறது?

வாலட் என்றதும் பர்ஸ் நினைவுக்கு வரும். பர்ஸுக்குள் பணம் இருக்கும். கிரிப்டோ வாலட்டுக்குள் ஒரு பைசா கிடையாது. பிட்காயினையே எடுத்துக்கொள்வோம். எந்த முகவரியில் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு, உலகெங்கும் பல்லாயிரம் கணினிகளில் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கும் ஒரு பொதுப் பேரேட்டில் இருக்கிறது. 2009 ஜனவரி 3 அன்று அதன் முதல் பக்கம் எழுதப்பட்டது. அன்றிலிருந்து நடந்த எல்லா வரவு செலவும் அதில் உண்டு, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அந்தப் பேரேட்டில் உங்கள் முகவரியில் இருப்பதை இன்னொரு முகவரிக்கு நகர்த்த உரிமை தரும் ஒரு எண் மட்டும்தான் உங்கள் போனில் இருக்கிறது. அதன் பெயர் பிரைவேட் கீ. தமிழில் தனிச்சாவி என்று சொல்லிக்கொள்வோம்.

அது சின்ன எண் இல்லை. நம் மொபைல் எண்ணுக்குப் பத்து இலக்கம். பத்து இலக்கத்துக்குள் 1,000 கோடி எண்கள் அடங்கிவிடுகின்றன. பிட்காயின் தனிச்சாவி 78 இலக்கம் வரை போகும். அவ்வளவு பெரிய பரப்பில் உங்கள் வாலட் குலுக்கல் முறையில் ஒரு எண்ணை எடுக்கிறது. அதே எண் இன்னொருவருக்கும் விழ நடைமுறையில் வழியே இல்லை. குலுக்கல் ஒழுங்காக நடந்தால்தான் இது பொருந்தும். 2013 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டின் குலுக்கல் பகுதியில் ஒரு பிழை இருப்பது தெரியவந்தது. அதனால் சில வாலட்களின் சாவியைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்க முடிந்தது, பணமும் திருடு போனது. நீங்களாக ஒரு எண்ணையோ, பிடித்த பாட்டு வரியையோ சாவியாக வைத்துக்கொள்வது இதைவிட மோசம். மனிதர் யோசித்து எடுக்கும் எதையும் இன்னொரு மனிதர் யோசித்துப் பிடித்துவிடுவார்.

தனிச்சாவியிலிருந்து பப்ளிக் கீ என்ற இன்னொரு எண் கணக்கிடப்படுகிறது, அதிலிருந்து உங்கள் முகவரி வருகிறது. முகவரி என்பது யுபிஐ ஐடி மாதிரி, யாருக்கும் கொடுக்கலாம். இந்தக் கணக்கு ஒரு திசையில்தான் போகும். அரிசியை அரைத்தால் மாவு கிடைக்கும், மாவைக் கொடுத்து அரிசியைத் திரும்பக் கேட்க முடியாது. முகவரியை ஊருக்கெல்லாம் சொன்னாலும் அதிலிருந்து சாவிக்குப் போக வழியில்லை. பணம் அனுப்பும்போதுகூட சாவி உங்கள் போனை விட்டு வெளியே போவதில்லை. அதை வைத்து ஒரு கையெழுத்து உருவாகிறது, அந்தக் கையெழுத்து மட்டும்தான் போகிறது. கையெழுத்து சரிதானா என்று மற்ற கணினிகள் பப்ளிக் கீயை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர். பேரேட்டுக்கு உங்கள் பெயரும் தெரியாது, முகமும் தெரியாது, ஆதாரும் தெரியாது. அப்புறம், சாவி தொலைந்தால் புதுச் சாவி கொடுக்க எந்த அலுவலகமும் இல்லை. வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரில் ஜேம்ஸ் ஹவல்ஸ் என்பவரின் ஹார்டு டிஸ்க் 2013-இல் தவறுதலாகக் குப்பைக்குப் போனது. ஏறக்குறைய 8,000 பிட்காயினுக்கான சாவி அதில் இருந்தது. குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு நகர மன்றத்தோடு பல வருடம் மல்லுக்கட்டினார். 2025 ஜனவரியில் நீதிமன்றம் அவர் வழக்கைத் தள்ளிவிட்டது. ஸ்டீஃபன் தாமஸ் என்ற நிரலாளரின் கதை வேறு மாதிரி. 7,002 பிட்காயினுக்கான சாவிகள் அவர் கையிலேயே ஒரு பாதுகாப்பு பென்டிரைவில் இருக்கின்றன. அதன் கடவுச்சொல்லை எழுதிய தாள்தான் போய்விட்டது. பத்து முறை தவறாகக் கொடுத்தால் பென்டிரைவ் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். 2021 ஜனவரியில் செய்தி வெளியானபோது எட்டு முறை முடிந்திருந்தது. இருவர் பணமும் பேரேட்டில் பத்திரமாக இருக்கிறது, யாரும் போய்ப் பார்க்கலாம். அவர்களால் தொட முடியாது.

கிரிப்டோவை வாங்கவும் விற்கவும் இடம் தரும் நிறுவனத்தை எக்ஸ்சேஞ்ச் என்பார்கள். அங்கே வாங்கி அங்கேயே விட்டு வைத்திருந்தால் உங்களிடம் சாவியே கிடையாது. சாவி அந்த நிறுவனத்திடம் இருக்கிறது. உங்கள் ஆப்பில் தெரியும் தொகை, அவர்கள் உங்களுக்குத் தர வேண்டிய கடன் கணக்கு. பேக்கப் எடுக்கவும் அங்கே ஒன்றும் இல்லை, உங்கள் கடவுச்சொல்லைக் காப்பாற்றிக்கொள்வது மட்டும்தான் உங்கள் வேலை. 2024 ஜூலை 18 அன்று இந்திய எக்ஸ்சேஞ்சான வாசிர்எக்ஸிலிருந்து 23 கோடி டாலருக்கும் மேல் களவு போனபோது, பல லட்சம் பேருடைய பணம் ஒரே நாளில் முடங்கியதற்குக் காரணம் இதுதான். தினமும் வாங்கி விற்பவர்களுக்கு எக்ஸ்சேஞ்ச் வசதி. பல வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் சாவி உங்களிடம் இருப்பதுதான் நல்லது என்பது என் கருத்து. ஆனால் இந்தக் கட்டுரையில் மேற்கொண்டு சொல்லப்போகும் வேலைகளைச் செய்ய மனமிருந்தால் மட்டும்.

பன்னிரண்டு சொற்கள் ஏன் வந்தன?

ஆரம்ப காலத்தில் சொற்கள் எதுவும் கிடையாது. பிட்காயின் மென்பொருள் கணினியில் ஒரு கோப்பை உருவாக்கும், சாவிகள் எல்லாம் அதற்குள் இருக்கும். அந்தக் கோப்பை நகல் எடுத்து வைத்தால் அதுதான் பேக்கப். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு கண்ணி இருந்தது.

பிட்காயினில் மீதிச் சில்லறை என்று ஒன்று உண்டு. கடையில் 500 ரூபாய் நோட்டைக் கொடுத்து 20 ரூபாய்க்குப் பொருள் வாங்கினால் 480 திரும்பி வருகிறது அல்லவா? பிட்காயினிலும் முழு நோட்டையும்தான் நீட்ட வேண்டும், மீதி உங்களிடமே திரும்பும். ஆனால் பழைய முகவரிக்கு அது வராது, வாலட் உருவாக்கும் ஒரு புது முகவரிக்கு வரும். புது முகவரி என்றால் புதுச் சாவி.

2010 ஆகஸ்டில் ஒருவர் இதில் மாட்டினார். அவரிடம் 9,000 பிட்காயின் இருந்தது. முறையாக வாலட் கோப்பை பென்டிரைவில் நகல் எடுத்தார். பிறகு சோதித்துப் பார்க்க 1 பிட்காயினைத் தனக்கே அனுப்பிக்கொண்டார். மீதி 8,999 ஒரு புது முகவரிக்குப் போனது. அந்த முகவரியின் சாவி கணினியில் மட்டும் இருந்தது, முன்பே எடுத்த நகலில் இல்லை. கணினியை அணைத்தார். அது சிடியிலிருந்து ஓடும் இயங்குதளம், அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும். இத்தனைக்கும் அவர் கவனக்குறைவான ஆள் இல்லை. பேக்கப் எடுத்தவர், சோதனையும் செய்தவர்.

இப்படிப்பட்ட இழப்புகளுக்குப் பிறகு, மென்பொருள் 100 சாவிகளை முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொள்ளத் தொடங்கியது. பழைய நகலிலும் அடுத்த 100 சாவிகள் இருக்கும். அதற்கு மேல் போனால் மீண்டும் நகல் எடுக்க வேண்டும், மறந்தால் பழைய கதைதான்.

சரியான தீர்வு 2012-இல் வந்தது. ஒரே ஒரு தொடக்க எண், அதை விதை என்கிறார்கள். அந்த விதையிலிருந்து முதல் சாவி, இரண்டாவது சாவி, லட்சமாவது சாவி என்று எல்லாமே ஒரு குறிப்பிட்ட கணக்கின்படி முளைக்கும். விதை ஒன்றைக் காப்பாற்றினால் போதும், இன்று இல்லாத சாவிகள்கூட அதற்குள் இருக்கின்றன. அடுத்த வருடம், ப்ராக் நகரில் ட்ரெஸர் என்ற ஹார்டுவேர் வாலட்டை (சாவியை வைத்துக்கொள்ளும் சிறு தனிக் கருவி) உருவாக்கிக்கொண்டிருந்தவர்களும் வேறு சிலரும் சேர்ந்து, விதையைச் சொற்களாக மாற்றும் முறையை வகுத்தார்கள். 64 எழுத்து எண்குவியலைக் கையால் எழுதினால் தப்பு வரும். சாதாரணச் சொற்களை எழுதினால் தப்பு குறையும். இன்று பெரும்பாலான வாலட்கள் காட்டும் 12 அல்லது 24 சொற்கள் அந்த முறையில் வந்தவைதான். சீட் ஃப்ரேஸ் என்றும், மீட்புச் சொற்கள் என்றும் இவற்றைச் சொல்கிறார்கள்.

மொத்தப் பட்டியலில் 2,048 சொற்கள். எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றாக இருக்காதபடி தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கடைசிச் சொல்லின் ஒரு பகுதி, மற்றவை சரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கும் சரிபார்ப்பு. பன்னிரண்டு சொல் முறையில் ஏதோ ஒரு சொல்லை மாற்றி எழுதிவிட்டால், 16-இல் 15 பங்கு வாய்ப்பு வாலட் அதைக் கண்டுபிடித்து 'இது தவறு' என்று சொல்லிவிடும். மிச்சமிருக்கும் ஒரு பங்கில் தவறு என்று சொல்லாமல், காலியான வேறொரு வாலட்டைத் திறந்து காட்டும்.

சாவியை வெளியே எடுப்பது

சொற்களையும் தனிச்சாவியையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சொற்கள் வீட்டின் கொத்துச் சாவி மாதிரி, எல்லா முகவரிகளும் அதற்குள் அடக்கம். தனிச்சாவி ஓர் அறைக்கு மட்டும். பேக்கப் வேண்டுமென்றால் உங்களுக்குத் தேவை சொற்கள்தான். ஒரு முகவரியை மட்டும் இன்னொரு வாலட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதுபோன்ற அபூர்வ நேரத்தில்தான் தனிச்சாவி தேவைப்படும்.

மெட்டாமாஸ்க் போன்ற வாலட் செயலிகளில் செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதிக்குப் போனால் மீட்புச் சொற்களைக் காட்டும் பொத்தான் இருக்கும். கடவுச்சொல் கேட்கும், சில எச்சரிக்கைகளைக் காட்டும், பிறகு சொற்கள் தெரியும். ஒரு கணக்கின் தனிச்சாவி வேண்டுமென்றால் அந்தக் கணக்கின் விவரப் பக்கத்தில் பார்க்க வேண்டும். எத்தீரியம் என்ற இன்னொரு கிரிப்டோ வகையின் சாவி 64 எழுத்தில் வரும். பிட்காயின் வாலட்கள் சாவியைப் பெரும்பாலும் கே அல்லது எல் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் 52 எழுத்து வடிவத்தில் தரும். அந்த வடிவத்தில் சுழியம் என்ற எண்ணும், அதைப் போலவே தோன்றும் பெரிய ஓ எழுத்தும் வரவே வராது. கையால் எழுதும்போது ஒன்றை இன்னொன்றாக நினைத்துவிடக் கூடாது என்று தெரிந்தே விலக்கியிருக்கிறார்கள். ஹார்டுவேர் வாலட்டில் தனிச்சாவியை வெளியே எடுக்க வழி வைக்கவில்லை. முதல்முறை அமைக்கும்போது கருவியின் திரையிலேயே சொற்கள் வரும், அப்போது எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். செயலியில் வேறொரு சாவியை நீங்கள் தனியாக இம்போர்ட் செய்திருந்தால், அந்தக் கணக்கு உங்கள் பன்னிரண்டு சொற்களுக்குள் வராது. அது அந்த விதையிலிருந்து முளைத்ததல்ல. புதுப் போனில் சொற்களைக் கொடுத்து மீட்டால் மற்ற கணக்குகள் வந்துவிடும், இது மட்டும் வராது. அதற்குத் தனிப் பேக்கப் வேண்டும். அதைவிட நல்லது, அதிலிருக்கும் பணத்தை உங்கள் சொற்களுக்குள் இருக்கும் ஒரு முகவரிக்கு அனுப்பிவிடுவது.

திரையில் சொற்கள் தெரியும் அந்த ஒரு நிமிடம் ஆபத்தானது. தனியாக உட்காருங்கள். தலைக்கு மேல் சிசிடிவி இருக்கிறதா பாருங்கள். திரையைப் பகிரும் செயலி எதுவும் ஓடக் கூடாது. 'கஸ்டமர் கேர்' என்று சொல்லிக்கொண்டு டெலிகிராமில் யாராவது வழிகாட்டிக்கொண்டிருந்தால் உடனே மூடிவிடுங்கள். உண்மையான நிறுவனம் எதற்கும் உங்கள் சொற்கள் தேவைப்படாது. கேட்கிறவர் எவராக இருந்தாலும் அவர் திருடர் என்றே வைத்துக்கொள்ளுங்கள், இதில் விதிவிலக்கு எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை.

அப்புறம், கடவுச்சொல்லையும் பின் நம்பரையும் சொற்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பின் அந்த ஒரு போனுக்கான பூட்டு. போன் உடைந்தால் பின்னை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. சொற்கள் கையில் இருந்தால், பின் மறந்தாலும் செயலியையே அழித்தாலும் கவலையில்லை.

எழுதுவது

என் தம்பி கதைக்கு வருகிறேன். சொல் பட்டியல் பத்து வடிவங்களில் அதிகாரபூர்வமாக இருக்கிறது. ஆங்கிலம், ஜப்பானியம், கொரியம், சீனத்தில் இரண்டு, ஸ்பானியம், பிரெஞ்சு, இத்தாலியம், செக், போர்ச்சுகீசியம். தமிழ் இல்லை. ஆகவே நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஆங்கிலச் சொற்கள். விதை அந்தச் சொற்களின் பொருளிலிருந்து வருவதில்லை, எழுத்துகளிலிருந்தே கணக்கிடப்படுகிறது. மொழிபெயர்த்தால் போய்விடும். தமிழ் எழுத்தில் எழுதினாலும் ஆபத்து, ஏனென்றால் ஆங்கிலம் பிரித்துக் காட்டும் சில ஒலிகளை நாம் ஒரே எழுத்தில் எழுதுகிறோம். 'டிரை' ஒன்று மட்டுமில்லை. சொட்டுவதற்கு ஒரு 'டிரிப்', பயணத்துக்கு ஒரு 'டிரிப்', இரண்டும் பட்டியலில் இருக்கின்றன. அதனால் ஆங்கில எழுத்திலேயே, தனித்தனிப் பெரிய எழுத்துகளில், ஒரு வரிக்கு ஒரு சொல்லாக, வரிசை எண்ணோடு எழுதுங்கள். கூட்டெழுத்து வேண்டாம்.

நல்லவேளையாக அவனுடைய பழைய போன் வேலை செய்துகொண்டிருந்தது, திறந்து பார்த்துச் சரிசெய்துகொள்ள முடிந்தது. போன் செத்திருந்தாலும் இந்த அளவு குழப்பத்தைத் தீர்த்திருக்கலாம். ஒரு சொல் முழுவதுமாக அழிந்திருந்தால்கூட 2,048 வாய்ப்புகள்தான், கணினி நொடியில் பார்த்துவிடும். இரண்டு சொல் போனால் ஏறக்குறைய 42 லட்சம். அதுவும் முடியும். பன்னிரண்டும் இருந்து வரிசை மட்டும் கலைந்திருந்தால் சுமார் 48 கோடி, அதையும் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள். ஐந்தாறு சொல் போய்விட்டால் மறந்துவிட வேண்டியதுதான்.

சிலர் புத்திசாலித்தனமாக ஆறு சொல்லை ஒரு வீட்டிலும் ஆறு சொல்லை இன்னொரு வீட்டிலும் வைக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இரண்டில் எது தொலைந்தாலும் எல்லாம் போய்விடும், அதாவது தொலையும் வாய்ப்பை நீங்களே இரண்டு மடங்காக்குகிறீர்கள். முழுப் பட்டியலையும் இரண்டு பிரதியாக எழுதி இரண்டு இடத்தில் வைப்பது எளிது. ஒன்று வீட்டில், இன்னொன்று பேங்க் லாக்கரில் அல்லது பூட்டிய அலமாரி உள்ள நம்பகமான உறவினர் வீட்டில், ஒட்டி மூடிய உறையில்.

எதில் எழுதுவது? பல ஜெல் பேனாக்களின் மை தண்ணீர் பட்டால் கரைந்து ஓடிவிடும். பென்சில் கரையாது, ஆனால் அழுத்தி எழுத வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனை வீடுகளில் பத்திரங்களும் சான்றிதழ்களும் நனைந்து கூழானது என்பது நமக்குத் தெரியும். தண்ணீர் வராத வீட்டில் கரையான் வரும். தொகை சின்னதென்றால் நல்ல தாளில் எழுதி, காற்றுப் புகாத உறையில் போட்டு, உயரமான இடத்தில் வையுங்கள். தொகை பெரிதென்றால் எவர்சில்வர் தகட்டில் எழுத்து அச்சுகளை வைத்துச் சுத்தியலால் தட்டிப் பதிப்பது நல்லது. ஹார்டுவேர் கடைகளில் எழுத்து அச்சு செட்டாகவே கிடைக்கும். சொல்லின் முதல் நான்கு எழுத்து போதும், மூன்றெழுத்துச் சொல் என்றால் மூன்றும். எவர்சில்வர் சாதாரண வீட்டுத் தீயில் உருகாது. இந்த வேலையைக் கடையில் கொடுத்துச் செய்யாதீர்கள். ஜெராக்ஸ் கடையில் நகல் எடுப்பதும் வேண்டாம், பிரிண்டரும் வேண்டாம்.

ஸ்கிரீன்ஷாட் கூடவே கூடாது. 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கை என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஸ்பார்க்கேட் என்ற திருட்டு நிரலைக் கண்டுபிடித்தார்கள். கூகுள் பிளே ஸ்டோரிலும் ஆப்பிள் ஆப் ஸ்டோரிலும் கிடைத்த சில செயலிகளுக்குள் அது ஒளிந்திருந்தது. கேலரியைப் பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு, படங்களில் இருக்கும் எழுத்துகளைப் படித்து, மீட்புச் சொற்கள் போலத் தெரிந்தால் அந்தப் படத்தைத் திருடர்களுக்கு அனுப்பிவிடும். நமக்கு நாமே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்வது, ஜிமெயிலில் டிராஃப்டாக வைப்பது, கூகுள் டிரைவில் போடுவது எல்லாம் இதே கணக்குதான். அந்த ஒரு கடவுச்சொல் போனால் எல்லாமே போச்சு.

தாளின் ஓரத்தில் இன்னும் சில விவரங்களையும் எழுதிவிடுங்கள். எந்த வாலட் செயலி, எந்த வருடம் தொடங்கியது, எந்தெந்த நாணயம். ஏனென்றால் எல்லா வாலட்டும் ஒரே முறையைப் பின்பற்றுவதில்லை. எலக்ட்ரம் என்ற பிட்காயின் வாலட் தனக்கென்று வேறு விதமான சொற்களைத் தருகிறது, அவற்றை மற்ற பல வாலட்கள் ஏற்காது. சில நேரம் சொற்களை ஏற்றுக்கொண்டாலும் இருப்பு சுழியம் என்று காட்டும். பதறிவிடாதீர்கள், அநேகமாக அந்த வாலட் விதையின் வேறொரு கிளையில் தேடிக்கொண்டிருக்கும். முதலில் பயன்படுத்திய செயலியிலேயே மீட்டுப் பாருங்கள்.

கூடுதலாகப் பாஸ்ஃப்ரேஸ் என்ற ஒன்றையும் சில வாலட்கள் தருகின்றன, இருபத்தைந்தாவது சொல் என்று பேச்சுவழக்கில் சொல்வார்கள். நீங்களே ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளலாம், அப்போது தாள் மட்டும் கிடைத்தவரால் திறக்க முடியாது. ஆனால் இதில் 'தவறான கடவுச்சொல்' என்ற செய்தியே வராது. ஓர் எழுத்து மாறினாலும் வேறொரு காலி வாலட் திறக்கும். தொடக்கநிலையில் இருப்பவர்கள் இதைத் தொட வேண்டாம் என்றே சொல்வேன்.

மீட்டுப் பார்ப்பது

எழுதி வைத்ததோடு பேக்கப் முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அந்தத் தாளிலிருந்து ஒரு முறையாவது வாலட்டை மீட்டுப் பார்க்கும்வரை அது பேக்கப் என்று எனக்குத் தோன்றுவதில்லை. செய்வது கஷ்டமில்லை. வாலட்டைத் தொடங்கியதும் முதலில் ஒரு சிறு தொகையை மட்டும் அனுப்புங்கள். சொற்களை எழுதுங்கள். பிறகு செயலியை அழித்துவிடுங்கள். ஆமாம், உண்மையாகவே அழித்துவிடுங்கள். மறுபடி நிறுவி, தாளைப் பார்த்து, சொற்களைத் தட்டுங்கள். அந்தச் சிறு தொகை திரும்பத் தெரிந்தால் உங்கள் தாள் சரி. அதற்குப் பிறகு பெரிய தொகையை அனுப்பலாம். ஏற்கெனவே பெரிய தொகை உள்ளே இருந்தால் செயலியை அழிக்க வேண்டாம். பல ஹார்டுவேர் வாலட்களில் சொற்களைச் சரிபார்க்க மட்டும் தனி வசதி உண்டு. அது இல்லையென்றால், வாங்கி வைத்திருக்கும் இன்னொரு புதுக் கருவியில் மீட்டு, முகவரி ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் 'சொற்களைச் சரிபார்த்துத் தருகிறோம்' என்று வரும் பக்கங்கள் பக்கம் போகாதீர்கள்.

ஹார்டுவேர் வாலட் வாங்கும்போது பெட்டிக்குள் சொற்கள் ஏற்கெனவே அச்சிட்ட அட்டை இருந்தால் அது பொறி. அதே சொற்கள் விற்றவரிடமும் இருக்கும். சொற்களைக் கருவி உங்கள் கண் முன்னால் புதிதாக உருவாக்க வேண்டும். 2020-இல் ஹார்டுவேர் வாலட் தயாரிக்கும் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல் கசிந்து 2.7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் வீட்டு முகவரி வெளியே போனது. அதற்குப் பிறகு சிலருக்கு அந்த நிறுவனம் அனுப்பியது போலவே கடிதமும் போலிக் கருவியும் தபாலில் வந்தன. எல்லாமே கடைசியில் 'உங்கள் சொற்களை இதில் உள்ளிடுங்கள்' என்றுதான் கேட்டன.

சொற்களை யாராவது பார்த்துவிட்டார்கள் என்ற சந்தேகம் வந்தால் என்ன செய்வது? ஏடிஎம் பின் மாதிரி மாற்ற முடியாது. அந்த விதைக்கு எப்போதும் அதே சாவிகள்தான். புது வாலட் ஒன்றைத் தொடங்கி, புதுச் சொற்களை எழுதி, சோதித்து, பழையதிலிருக்கும் எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட வேண்டும். திருட்டு நடந்துகொண்டிருக்கிறது என்றால் சோதனைக்குக்கூட நேரமில்லை, முதலில் மாற்றுங்கள்.

நமக்குப் பின்

இதைப் பேச நம் வீடுகளில் தயங்குவோம். ஆனால் பேசியாக வேண்டும். 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், வாசிர்எக்ஸ் தொடர்பான ஒரு வழக்கில், கிரிப்டோ என்பது சொத்தே என்று சொன்னது. சொத்து என்றால் வாரிசுக்கு உரிமை வரும். ஆனால் வாரிசுச் சான்றிதழைக் காட்டினால் பேரேடு திறக்காது. எந்த நீதிமன்றத்தாலும் 78 இலக்க எண்ணை வரவழைத்துத் தர முடியாது.

உயிலில் சொற்களையே எழுதாதீர்கள், உயிலைப் பலர் படிப்பார்கள். தாள் எங்கே இருக்கிறது, அதை யாரிடம் கேட்க வேண்டும், எந்தச் செயலியில் மீட்க வேண்டும் என்று மட்டும் ஒரு கடிதத்தில் எழுதி, வீட்டில் ஒருவருக்கு அந்தக் கடிதம் இருக்குமிடத்தைச் சொல்லிவிடுங்கள். அவருக்குக் கிரிப்டோ தெரியாது என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். 'யாரிடமும் இந்தச் சொற்களைச் சொல்லாதே, போனில் படம் எடுக்காதே' என்பது அந்தக் கடிதத்தின் முதல் வரியாக இருக்கட்டும்.

தம்பியின் நோட்டுக்கு வருவோம். அவன் பக்கத்தைத் திறந்து என்னிடம் நீட்டியபோதே நான் எல்லாச் சொற்களையும் பார்த்துவிட்டேன். என் மேல் அவனுக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அன்று மதியமே அவனை உட்காரவைத்துப் புது வாலட் ஒன்றைத் தொடங்கச் சொன்னேன். நான் வெளியே திண்ணையில் உட்கார்ந்துகொண்டேன். அவன் ஆங்கில எழுத்தில், பென்சிலால், இரண்டு தாளில் எழுதினான். 500 ரூபாய் அளவுக்கு முதலில் அனுப்பி, செயலியை அழித்து, தாளைப் பார்த்து மீட்டான். முதல் முறை ஒன்பதாவது சொல்லில் ஓர் எழுத்தை விட்டிருந்தான், வாலட் ஏற்கவில்லை. திருத்தி எழுதினான். இரண்டாம் முறை பணம் தெரிந்தது. அதன் பிறகுதான் பழைய வாலட்டில் இருந்ததையெல்லாம் மாற்றினான். காலியான அந்தப் பழைய வாலட்டின் பக்கத்தை நோட்டிலிருந்து கிழித்து, அடுப்பில் போட்டுவிட்டுச் சாப்பிட வந்தான்.